வாயுவை உலர்த்த எதை வாங்கலாம்? இண்டென்ட் எழுதுமுன் ஒரு கணக்கு

கல்லூரி திறந்ததும் வேதியியல் துறையில் இண்டென்ட், அதாவது வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியல், எழுதும் வேலை வந்துவிடும். வாயுவை உலர்த்தும் பொருட்கள் என்ற இடம் வந்ததும் பெரும்பாலான துறைகளில் போன வருடத் தாளைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள்: அடர் சல்ஃபியூரிக் அமிலம், உருக்கிய கால்சியம் குளோரைடு, நீல சிலிக்கா ஜெல். ஆராய்ச்சி மாணவர் யாராவது மாலிக்யூலர் சீவ் (நீரைப் பிடித்துக்கொள்ளும் நுண்துளை மணிகள்) கேட்டால், விலையைப் பார்த்துவிட்டு "அடுத்த வருஷம் பார்க்கலாம்ப்பா" என்று தள்ளிப்போடுவார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தாளை எழுதப்போகிற ஆசிரியருக்கும், அவரிடம் கேட்டு வாங்கவேண்டிய மாணவருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருள் வாயுவை அதிகமாகக் காயவைக்கும் என்ற தரவரிசையைப் பார்த்து வாங்குவதில் பயன் குறைவு. அந்த வரிசை 25 டிகிரி செல்சியஸில், அப்போதுதான் திறந்த புதுப் பொருளில், மெதுவாக வாயுவை விட்டு அளந்தது. நம் ஆய்வகம் 32 டிகிரியில் இருக்கிறது. பாட்டில் நாலு பேர் கை பட்டது. அதைவிட முக்கியமாக, சில உலர்த்திகள் ஈரத்தை எடுப்பதோடு நிற்காமல் வாயுவையே தின்றுவிடும்.

வாயுவில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் என்ன என்று கேட்கலாம். பள்ளிப் பாடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. உலர்ந்த குளோரினில் உலர்ந்த சாயத் துணியைப் போட்டால் வெளுக்காது. துணியை நனைத்துப் போட்டால் வெளுத்துவிடும். குளோரின் நீரோடு சேர்ந்து உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம்தான் அங்கே வெளுக்கும் வேலையைச் செய்கிறது. உலர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு உலர்ந்த நீல லிட்மஸைச் சிவக்க வைக்காததும் இதே வகை. இன்னும் விசித்திரமானது 1880-இல் இங்கிலாந்தில் டிக்சன் என்ற வேதியியலர் காட்டியது. கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பாஸ்பரஸ் பெண்டாக்சைடால் நன்றாக உலர்த்திவிட்டு மின்பொறி கொடுத்தார், வெடிக்கவில்லை. துளி நீராவி உள்ளே போனதும் வெடித்தது. கார்பன் மோனாக்சைடு வேகமாக எரிவதற்கு நீரிலிருந்து வரும் ஹைட்ராக்சில் துணுக்குகள் வேண்டும் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அது பெரிய புதிர். டிக்சனைப் பின்பற்றி வந்த பிரெரட்டன் பேக்கர், மிக நன்றாக உலர்த்திய அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் ஒன்றோடொன்று சேர்ந்து அந்த வெள்ளைப் புகையைத் தரவில்லை என்று 1894-இல் எழுதினார். பேக்கர் பின்னாளில் சொன்ன சிலவற்றை, குறிப்பாக நீண்ட காலம் உலர்த்திய திரவங்களின் கொதிநிலை ஏறியது என்பதை, மற்றவர்களால் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீர் ஒரு வினையின் போக்கையே மாற்றும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

சரி, அகற்றவேண்டிய நீர் எவ்வளவு? 30 டிகிரியில் நீரின் வழியே குமிழ்விட்டு வந்த எந்த வாயுவும் லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் நீராவியைச் சுமந்து வரும். 20 டிகிரியில் அது 17 மில்லிகிராம்தான். ஐரோப்பியப் பாடநூல் ஒன்றில் "இந்த யூ-டியூப் (உலர்த்தி நிரப்பிய U வடிவக் கண்ணாடிக் குழாய்) இத்தனை மணி நேரம் தாங்கும்" என்று எழுதியிருந்தால், நம் ஊரில் அதில் பாதியை எடுத்துக்கொள்வதே நல்லது. நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் விட்டால் 1.8 கிராம் நீர். சின்ன யூ-டியூபுக்கு இது குறைவான சுமை இல்லை.

இப்போது அந்தத் தரவரிசையைப் பார்ப்போம். உலர்த்திய பிறகு ஒரு லிட்டர் வாயுவில் மிஞ்சும் நீர் என்று பழைய கையேடுகள் தரும் எண்கள் ஏறத்தாழ இவை: கால்சியம் குளோரைடு 0.2 மில்லிகிராம், அடர் சல்ஃபியூரிக் அமிலம் 0.003, நீரற்ற கால்சியம் சல்ஃபேட் 0.005, பாஸ்பரஸ் பெண்டாக்சைடு 0.00002. கையேட்டுக்குக் கையேடு இவை கொஞ்சம் மாறும். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் பார்த்தால் கால்சியம் குளோரைடு கிட்டத்தட்ட 270 பிபிஎம் நீரை விட்டுவைக்கிறது, அமிலம் 4 பிபிஎம், பெண்டாக்சைடு 0.03 பிபிஎம். பார்த்தவுடன் பெண்டாக்சைடுதான் ராஜா என்று தோன்றும். ஆனால் 30 மில்லிகிராமில் 0.2 மட்டும் மிஞ்சுகிறது என்றால் கால்சியம் குளோரைடே 99 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிட்டது. லிட்மஸ் தாளை வைத்துச் செய்யும் சோதனைக்கும் அம்மோனியா நீரூற்றுக்கும் அந்த அளவு உலர்வுக்கு மேல் எதுவும் தேவையில்லை (அம்மோனியாவுக்குக் கால்சியம் குளோரைடே ஏன் ஆகாது என்பது கீழே வரும்). ஈரம் பட்டால் கெடும் கிரின்யார்டு வினைக்கோ, காற்றில் பட்டதும் கெடும் உலோகச் சேர்மங்களுக்கோதான் சில பிபிஎம் என்ற அளவு வேண்டும்.

வாயுவைத் தின்னும் உலர்த்திகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாங்குவதில் நடக்கும் பெரும் தவறுகள் இங்கேதான்.

அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். சல்ஃபியூரிக் அமிலத்தில் விட்டால் அமோனியம் சல்ஃபேட்டாகி மறு பக்கம் ஒன்றும் வராது. பெண்டாக்சைடும் அமிலத்தன்மை உள்ளதுதான், பாஸ்பேட்டாக மாறிவிடும். கால்சியம் குளோரைடு நடுநிலையான உப்புதானே என்று நினைத்தால், அது ஒரு மூலக்கூறுக்கு எட்டு அம்மோனியா வரை சேர்த்துக்கொண்டு திடச் சேர்மமாகிவிடும். மாலிக்யூலர் சீவிலும் சிக்கல்: அம்மோனியா மூலக்கூறு ஏறக்குறைய நீர் மூலக்கூறின் பருமன்தான், அதே துளையில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளும். இத்தனை நவீனப் பொருட்களுக்கு நடுவே அம்மோனியாவுக்குக் காளவாய்ச் சுண்ணாம்பே போதும் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு அடுத்தது. அடர் சல்ஃபியூரிக் அமிலம் அதை ஆக்சிஜனேற்றம் செய்து கந்தகமாக்கிவிடும். வாஷ் பாட்டில் (வாயுவைக் குமிழ்விடும் அமிலப் பாட்டில்) பால் போலக் கலங்குவதை நேரில் பார்க்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த வினையில் நீர் உண்டாகிறது. உலர்த்தப் போட்ட பொருளே ஈரத்தைத் தயாரித்துக் கொடுக்கிறது. ஹைட்ரஜன் புரோமைடும் அப்படியே: புரோமினும் சல்ஃபர் டையாக்சைடும் நீரும் கிடைக்கும், பழுப்பு ஆவி எழும்பும். ஹைட்ரஜன் அயோடைடில் இது இன்னும் வேகம். ஆனால் ஹைட்ரஜன் குளோரைடை அதே அமிலம் தொடாது. மூன்றும் ஒரே குடும்பம் என்று ஒரே பாட்டிலை வைத்துச் செய்தால் ஒன்றில்தான் சரியாக வரும்.

கார்பன் டையாக்சைடை சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும் என்பது யாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, கடையில் வரும் கால்சியம் குளோரைடிலும் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்தே இருக்கும் என்பது. கரிமப் பகுப்பாய்வில் கார்பன் டையாக்சைடை எடைபோட்டு அளந்த காலத்தில், கால்சியம் குளோரைடு குழாயில் முதலில் கார்பன் டையாக்சைடை நிறைய விட்டு அந்தச் சுண்ணாம்பின் பசியைத் தீர்த்துவிட்டு, பிறகு உலர்ந்த காற்றால் துரத்திவிட்டுத்தான் அளவெடுக்கத் தொடங்குவார்கள். வாயுவைத் தயாரித்து ஜாடியில் பிடிப்பதோடு முடிகிற வேலைக்கு இது பெரிதில்லை. எடை பார்க்கிற வேலைக்குப் பெரிது.

குளோரினுக்கும் சல்ஃபர் டையாக்சைடுக்கும் அடர் சல்ஃபியூரிக் அமிலம்தான். தொழிற்சாலையிலும் அதேதான் நடக்கிறது. உப்பு நீரை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகளில், நம் பக்கம் சாகுபுரத்தில் இருப்பது போன்றவற்றில், கூடவே வரும் குளோரின் ஈரத்தோடு வெளிவரும். அதை அடர் சல்ஃபியூரிக் அமிலம் இறங்கும் கோபுரத்தில் ஏற்றி உலர்த்துவது இந்தத் தொழிலின் வழக்கமான முறை. ஈரக் குளோரின் சாதாரண எஃகை அரித்துத் தள்ளிவிடும்; உலர்ந்த குளோரின் அதே எஃகுக் குழாயில் சாதுவாகப் போகும். ஆனால் டைட்டானியத்தில் கதை தலைகீழ். ஈரக் குளோரினை டைட்டானியம் நன்றாகத் தாங்கும், உலர்ந்த குளோரின் பட்டால் தீப்பற்றக்கூடும். ஈரம் இருந்தால்தான் அதன் மேல் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக, உலர்ந்தது என்றாலே பத்திரமானது என்றும் சொல்லிவிட முடியாது.

பாட்டில் பாட்டிலாகப் பார்த்தால்

கால்சியம் குளோரைடின் பெரிய பலம் விலை. குறை நம் வெப்பநிலை. இந்த உப்பு ஆறு நீர் மூலக்கூறு வரை ஏற்கும். ஆறும் ஏறிய பிறகு அந்தப் படிகம் 30 டிகிரியிலேயே உருகிவிடும். குளிர் நாட்டு ஆய்வகத்தில் அது ஈரம் ஏறிய கட்டியாகக் குழாயில் நிற்கும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ யூ-டியூபின் நுழைவுப் பக்கத்துத் துண்டுகள் முதலில் பளபளக்கும், பிறகு விளிம்பு மழுங்கும், அப்புறம் வளைவில் கெட்டியான திரவமாகத் தேங்கி வழியை அடைத்துவிடும். பின்னால் அழுத்தம் ஏறி, எங்கோ ஒரு கார்க் பிய்த்துக்கொண்டு போன பிறகுதான் பலருக்கு இது தெரியவரும். அதனால் இதை யூ-டியூபில் போடாமல், செங்குத்தான உலர்த்துக் கோபுரத்தில் போட்டு வாயுவைக் கீழிருந்து மேலே விடுங்கள். உருகினாலும் அடித்தட்டில் வடியும், வழி அடைபடாது. முதல் கட்டத்தில் பெருமளவு நீரை எடுக்க மட்டும் என்றால் இன்றைக்கும் இதை விட மலிவான ஆள் இல்லை.

அடர் சல்ஃபியூரிக் அமிலம் நன்றாகவே உலர்த்தும், ஆனால் வேலை நிறைய வைக்கும். வாயு அமிலத்தின் ஊடே குமிழியாகப் போகவேண்டும் என்பதால் பின்னழுத்தம் உண்டு. 5 சென்டிமீட்டர் அமிலம் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். வாயு தயாராகும் குடுவை குளிர்ந்தால் அமிலம் பின்னோக்கி இழுபடும். அதற்காக முன்னும் பின்னும் காலி பாட்டில் ஒவ்வொன்று வைத்தே ஆகவேண்டும். நுண்ணிய அமிலத் துளிகள் வாயுவோடு தொற்றிக்கொண்டு போகும், அதைப் பிடிக்கக் கண்ணாடிப் பஞ்சு வேண்டும். நீரை வாங்க வாங்க அமிலம் நீர்த்து, உலர்த்தும் திறன் இறங்கிக்கொண்டே வரும்; வெளிப்பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. கடைசியில் அந்தப் பழைய அமிலத்தை என்ன செய்வது என்பது வேறு. குளோரின், சல்ஃபர் டையாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு ஆகியவற்றுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் சிலிண்டரின் வழியில் சல்ஃபியூரிக் அமிலக் குமிழ் பாட்டில் வைத்திருக்கும் ஆய்வகங்களைப் பார்த்தால் எனக்கு அது பழக்கதோஷம் என்றுதான் தோன்றும்.

பாஸ்பரஸ் பெண்டாக்சைடு பட்டியலின் ராஜா என்றேன். அரியணையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தோல் தடித்துவிடும். பொடியின் மேல்பரப்பு நீரை வாங்கியதும் பிசுபிசுப்பான பாஸ்பாரிக் அமிலப் படலமாக மாறி, அடியில் இருக்கும் வெள்ளைப் பொடியை மூடிவிடும். குழாயில் முக்கால் பங்கு புதிதாகவே இருக்கும், ஆனால் வேலை நடக்காது. கண்ணாடி மணிகளிலோ கண்ணாடிப் பஞ்சிலோ புரட்டிப் போட்டால் பரப்பு கூடும். ஈரக் காற்றில் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு இதைக் குழாயில் நிரப்புவது மழைக்காலத்தில் கொடுமை. திரும்பச் சூடாக்கி மீட்கவும் முடியாது. ஏற்கெனவே உலர்ந்த வாயுவில் கடைசி மிச்சத்தை எடுக்க மட்டும், அதுவும் கொஞ்சமாக வாங்குங்கள்.

நீரற்ற மெக்னீசியம் பெர்குளோரேட்டைச் சில பட்டியல்களில் பார்க்கலாம். 1922-இல் அமெரிக்காவில் வில்லார்டும் ஸ்மித்தும் உலர்த்தியாக அறிமுகப்படுத்தியது. தன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நீரை ஏற்கும், உருகாது, வேகம் அதிகம். கார்பன், ஹைட்ரஜன் அளக்கும் பகுப்பாய்வுக் கருவிகளில் இன்றும் உண்டு. ஆனால் பெர்குளோரேட்டும் கரிம ஆவியும் சேர்ந்தால் வெடிக்கும். மாணவர்கள் கை வைக்கும் ஆய்வகத்துக்கு வேண்டாம். கருவியின் கையேடு கேட்டால் அந்தக் கருவிக்கு மட்டும்.

சுண்ணாம்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. நீரை ஏற்றுச் சுண்ணாம்பு நீறும்போது அதன் பருமன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கண்ணாடிக் குழாயில் இறுக்கி அடைத்தால் குழாய் விரிசல் விடும். பட்டாணி அளவுத் துண்டுகளைத் தளர்வாகப் போடுங்கள். இன்னொன்று, பாட்டிலில் பழையதாகக் கிடந்த சுண்ணாம்பு பெரும்பாலும் ஏற்கெனவே நீறிப் போயிருக்கும். ஒரு துண்டில் சில சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்: சூடேறிச் சீறி உடைந்தால் நல்லது, பேசாமல் நனைந்தால் குப்பைக்கு. காளவாய் பக்கத்தில் இருந்தால் அன்றைக்குச் சுட்டதை வாங்கி வந்து காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது பழைய பாட்டிலை நம்புவதை விட மேல்.

நீரற்ற கால்சியம் சல்ஃபேட், டிரையரைட் என்ற பெயரில் வருவது, நடுநிலையானது, வேகமானது, 220 டிகிரி அளவில் சூடாக்கினால் மீளும். ஆனால் தன் எடையில் 6.6 சதவீதம் நீர்தான் ஏற்கும். நம் ஈரத்துக்கு அடிக்கடி சூடாக்கிக்கொண்டே இருக்கவேண்டும். இறக்குமதி விலை கொடுத்து அந்தத் தொல்லையை ஏன் வாங்கவேண்டும்?

ஜெல்லா, சீவா?

நைட்ரஜன், ஆர்கான், ஹைட்ரஜன், ஆக்சிஜன், காற்று என்று சாதுவான வாயுக்களுக்கு உண்மையான போட்டி சிலிக்கா ஜெல்லுக்கும் மாலிக்யூலர் சீவுக்கும் நடுவேதான்.

சிலிக்கா ஜெல்லை வணிக முறையில் தயாரிக்கும் வழியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வால்டர் பேட்ரிக் முதல் உலகப்போர் முடியும் காலத்தில் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். ஒரு கிராம் ஜெல்லுக்குள் எழுநூறு, எண்ணூறு சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது. ஈரம் நிறைந்த வாயு வந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் உறிஞ்சும். சாதாரண ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மீண்டும் தயார். இதில் குறை ஒன்றுதான்: வாயு ஏற்கெனவே ஓரளவு உலர்ந்திருந்தால் ஜெல்லின் பசி போய்விடும். ஈரப்பதம் 10 சதவீதமாக இருக்கும் வாயுவில் அது எடையில் ஐந்தாறு சதவீதம்தான் ஏற்கும். அறை வெப்பம் ஏற ஏற அதுவும் குறையும்.

மாலிக்யூலர் சீவ் இதற்கு நேர் எதிர். இது செயற்கை ஜியோலைட், அதாவது நுண்துளைகள் நிறைந்த படிகம். யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் 1949-இல் ஏ வகை ஜியோலைட்டை உருவாக்கினார். 1954-இல் விற்பனைக்கு வந்தது. படிகத்தின் துளைகள் எல்லாம் ஒரே அளவு. அந்த அளவை உள்ளே இருக்கும் உலோக அயனி தீர்மானிக்கிறது: பொட்டாசியம் இருந்தால் 3ஏ, சோடியம் இருந்தால் 4ஏ, கால்சியம் இருந்தால் 5ஏ. நீர் மூலக்கூறின் அளவு 2.65 ஆங்ஸ்ட்ராம், மூன்றிலும் நுழையும். நைட்ரஜன் 3.64, ஆக்சிஜன் 3.46, கார்பன் டையாக்சைடு 3.3. இவை 3ஏ-வின் வாசலில் நின்றுவிடும். 4ஏ வாங்கினால் கார்பன் டையாக்சைடும் உள்ளே போய் இடம் பிடிக்கும். அதனால் எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் 3ஏ வாங்குங்கள். எடையில் 20 சதவீதம் அளவுக்கு நீரை ஏற்கும், முக்கியமாக 10 சதவீத ஈரப்பதத்திலும் கிட்டத்தட்ட அதே அளவை ஏற்கும். 40 டிகிரி வெயில் நாளிலும் கைவிடாது. நல்ல சீவ் வழியே போன வாயு 1 பிபிஎம் அளவுக்கு இறங்கிவிடும். நம் ஊர்ச் சூட்டில் தரவரிசை மாறுகிறது என்று சொன்னதன் பொருள் இதுதான்: கால்சியம் குளோரைடு இறங்குகிறது, சீவ் ஏறுகிறது.

சீவுக்கும் குறை உண்டு. மீட்க 120 டிகிரி போதாது. 3ஏ-வுக்கு 200 முதல் 250 டிகிரி வரை வேண்டும். இரவு முழுக்க வைத்து, முடிந்தால் வெற்றிடத்திலோ உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்திலோ ஆறவிடவேண்டும். சிலிக்கா ஜெல் தட்டோடு சேர்த்து 110 டிகிரி ஓவனில் வைத்து எடுத்து "சூடாக்கிட்டோம் சார்" என்றால் சீவ் கிட்டத்தட்ட போன மாதிரியே திரும்பி வந்திருக்கும். ஹைட்ரஜன் குளோரைடு போன்ற அமில வாயு பட்டால் ஏ வகைப் படிகமே சிதையும். அமிலம் தாங்கும் சீவ் தனியாக உண்டு. ஈரம் ஏறியதா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது, மணிகள் எப்போதும் அதே மண் நிறம். இதற்குச் சுலபமான சோதனை இருக்கிறது. உலர்ந்த கையுறையோடு உள்ளங்கையில் சில மணிகளை வைத்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். உயிரோடு இருக்கும் சீவ் சட்டென்று சூடேறும், கையை உதறத் தோன்றும். சும்மா நனைந்தால் ஓவனுக்கு.

விலை கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சீவ் கூடுதல்தான். ஆனால் நூற்றுக்கணக்கான தடவை மீட்கலாம் என்பதைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு வேறு. மேலும் சீவிடம் கனமான வேலையைக் கொடுக்கவே வேண்டாம். முதலில் சிலிக்கா ஜெல் கோபுரம், அடுத்து சீவ் கோபுரம் என்று வரிசையாக வையுங்கள். ஜெல் பெருமளவு நீரை எடுக்கும், சீவ் மிச்சத்தை எடுக்கும். ஜெல்லில் நிறம் மாறும் வகையைப் போட்டால், நிறக் கோடு கீழிருந்து மேலே ஊர்ந்து வருவதைப் பார்த்தே எப்போது மாற்றவேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ஜெல்லில் இருப்பது கோபால்ட் குளோரைடு. இது புற்றுநோய் ஆபத்துள்ளது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கோபால்ட் இல்லாத ஆரஞ்சு ஜெல் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. இண்டென்ட்டில் "நீல" என்பதை அடித்துவிட்டு "ஆரஞ்சு" என்று எழுதுவதற்குத் தனி அனுமதி எதுவும் தேவையில்லை. இன்னொன்று, நீல ஜெல் ஈரப்பதம் 40 சதவீதத்தை நெருங்கும்போதுதான் முழுக்க இளஞ்சிவப்பாகும். நீலமாக இருக்கிறதே, வாயு எலும்பு போல உலர்ந்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

குளிரவைத்தும் உலர்த்தலாம். உலர் பனிக்கட்டியையும் அசிட்டோனையும் கலந்த தொட்டியில் குழாயை முக்கினால் −78 டிகிரி. அங்கே நீராவி 1 பிபிஎம்முக்குக் கீழே போய்விடும். எந்த வேதிப்பொருளும் வாயுவைத் தொடுவதில்லை என்பது இதன் அழகு. ஆனால் குறுகலான குழாயில் பனி படிந்து அடைக்கும், உலர் பனிக்கட்டி தினமும் வாங்கவேண்டும். திரவ நைட்ரஜன் இன்னும் சுத்தம் என்று நினைத்து ஆர்கானை அதன் வழியே விடாதீர்கள். திரவ நைட்ரஜன் −196 டிகிரி, ஆர்கான் −186-இலேயே திரவமாகிவிடும். குளிர்ந்த குழாயில் ஆர்கான் சேர்ந்து, தொட்டியை எடுத்ததும் மொத்தமும் ஒரேயடியாக ஆவியாகிக் கண்ணாடியை வெடிக்கவைக்கும்.

பெரிய அளவில் காற்று உலர்த்தும் இடங்களில் கேள்வியே வேறு. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறையில் கம்பிரஸர் காற்றுக்கு, 3 டிகிரி பனிநிலை (காற்றின் நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) தரும் குளிர்பதன டிரையரே போதும். குழாயில் தண்ணீர் சொட்டாது. −40 டிகிரி பனிநிலை கேட்கும் கருவிகள் இருந்தால் மட்டும் ஆக்டிவேட்டட் அலுமினா என்ற நுண்துளை உலர்த்தி போட்ட இரட்டைக் கோபுர டிரையருக்குப் போகலாம். அதில் ஒரு கோபுரம் உலர்த்த, மற்றது உலர்ந்த காற்றின் ஒரு பங்கால் தன்னை மீட்டுக்கொள்ளும். எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தின் ஸ்கார்ஸ்ட்ரம் 1960-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. சூடாக்கும் மின்சாரம் வேண்டாம் என்றாலும், கம்பிரஸர் காற்றில் 15 சதவீதம் அளவுக்கு இதற்கே போய்விடும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது மருத்துவமனைகளில் பெயர் அடிபட்ட பிஎஸ்ஏ (அழுத்தத்தை ஏற்றி இறக்கிக் காற்றைப் பிரிக்கும்) ஆக்சிஜன் ஆலைகளின் உள்ளே இருப்பதும் ஜியோலைட்தான். அங்கே நைட்ரஜனைப் பிடிப்பதற்காக வைத்திருக்கிறார்கள். ஈரக் காற்று அதன் மேல் போனால் நைட்ரஜனைப் பிடிக்கும் இடத்தை எல்லாம் நீர் எடுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் சுத்தம் விழும். அதனால்தான் அங்கே ஜியோலைட்டுக்கு முன்னால் டிரையர் ஒன்று நிற்கிறது.

இனி இண்டென்ட்டுக்கு வருவோம். இளநிலை மாணவர்கள் மட்டும் இருக்கும் துறை என்றால்: ஆரஞ்சு சிலிக்கா ஜெல், கால்சியம் குளோரைடு, குளோரினுக்கும் ஹைட்ரஜன் குளோரைடுக்கும் தேவையான அளவு சல்ஃபியூரிக் அமிலம், அம்மோனியாவுக்குப் புதுச் சுண்ணாம்பு. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆராய்ச்சி நடக்கும் துறை என்றால் 3ஏ சீவ் 1 கிலோ, 250 டிகிரி வரை போகும் ஓவன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவன் இல்லாமல் சீவ் வாங்குவது வீண். பெண்டாக்சைடு 100 கிராம் போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடை உலர்த்தவேண்டி வந்தாலும் அதுவே உதவும்.

மாணவர்கள் அடிக்கடி கேட்பது, உயர்தூய்மை நைட்ரஜன் சிலிண்டருக்கும் சீவ் வேண்டுமா என்பது. 99.999 சதவீத நைட்ரஜனில் நீர் சில பிபிஎம்தான். 3 பிபிஎம் என்று வைத்து நிமிடத்துக்கு 1 லிட்டர் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு 0.13 மில்லிகிராம் நீர். 100 கிராம் சீவ் அதற்குப் பல ஆண்டுகள் வரும். சிலிண்டரில் இருந்து வருகிற நீர் உங்கள் பிரச்சினையே இல்லை. பிரச்சினை ரெகுலேட்டரில் இருந்து குடுவை வரை ஓடும் சிலிக்கோன் டியூப். வளையும், பிடிக்கும், வசதியாக இருக்கும். ஆனால் சிலிக்கோன் ரப்பர் நீராவியைத் தாராளமாக ஊடுருவ விடும். மூன்று மீட்டர் சிலிக்கோன் டியூபுக்கு முன்னால் எத்தனை நல்ல சீவ் வைத்தாலும், வழியில் அறைக் காற்றின் ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சீவ் கோபுரத்தைக் குடுவைக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், கோபுரத்துக்கும் குடுவைக்கும் நடுவே செம்புக் குழாயோ டெஃப்லான் குழாயோ போடுங்கள். இண்டென்ட்டில் ஓர் இடம் மிச்சமிருந்தால் அதை எழுதுங்கள்: டெஃப்லான் டியூப், 5 மீட்டர்.